முதுசொம் எவ்வளவு, தேடிய தேட்டம் எவ்வளவு? ஆர்சனல் முகாமையாளர்களைப் பற்றி ஒரு வழக்கு

2025 ஜூன் 2, இரவு

லண்டன் உதைபந்தாட்டக் கழகமான ஆர்சனலின் முகாமையாளர் ஆர்டெட்டாவைப் பற்றிக் குருநகர்த் தம்பி கேட்டதை அப்படியே மேலே வைக்கிறேன்: “ஆர்டெட்டா வந்து ஐந்தரை ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரிய கிண்ணம் என்று சொல்ல 2020 எஃப்.ஏ. கிண்ணம் ஒன்றுதான். லீக்கில் தொடர்ந்து மூன்று முறை இரண்டாம் இடம். இவரை வெங்கரோடு ஒரே வரியில் வைத்துப் பேசுவது நியாயமா, அண்ணா?”

கிண்ணங்களை மட்டும் எண்ணினால் நியாயமே இல்லை. 1996 முதல் 2018 வரை முகாமையாளராக இருந்த வெங்கருக்கு மூன்று லீக் பட்டங்கள், ஏழு எஃப்.ஏ. கிண்ணங்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் காணி வழக்கென்று வந்தால் நம்முடைய யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமை என்ன கேட்கிறது? முன்னோர் வழியில் முதுசொமாக வந்தது எது, சீதனமாக வந்தது எது, பிறகு தேடிச் சேர்த்த தேடிய தேட்டம் எது என்றுதான் முதலில் பிரிக்கிறது. முகாமையாளர்களையும் அப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. கையேற்றபோது அணி எப்படி இருந்தது, கையளித்தபோது எப்படி இருந்தது, இடையில் அவர் தேடியது என்ன. இப்படிப் பார்த்தால் 1986 முதல் 1995 வரை முகாமையாளராக இருந்த ஜோர்ஜ் கிரகாமுக்கு நாம் பெரிய கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை.

2025 ஜூன் 3, காலை

கொக்குவில் அண்ணர், கிரகாமின் அணி “பின்னால் நின்று மறித்துக்கொண்டிருந்த அணி” என்று எழுதியிருக்கிறார். அண்ணருக்கு மரியாதையோடு மறுப்புச் சொல்கிறேன். 1988-89 பருவகாலத்தில் அந்த அணி லீக்கில் அடித்த கோல்கள் 73. அந்த ஆண்டு பட்டம் கிடைத்ததே கூடுதலாகக் கோல் அடித்ததால்தான். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் 1989 மே 26 அன்று இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் பட்டம் என்ற நிலை. கடைசி நிமிடத்தில் மைக்கல் தோமஸ் இரண்டாவது கோலை அடித்தார். லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும் புள்ளிகள் சமம், கோல் வித்தியாசமும் சமம். 73க்கு 65 என்ற கணக்கில்தான் கிண்ணம் நம்முடைய அப்போதைய மைதானமான ஹைபரிக்கு வந்தது.

1990-91ஐயும் பாருங்கள். 38 ஆட்டங்களில் ஒரே ஒரு தோல்வி. வாங்கிய கோல்கள் 18, அடித்தவை 74. மன்செஸ்டர் யுனைட்டட்டின் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்தில் வீரர்கள் கைகலந்ததற்காக இரண்டு புள்ளிகளைப் பறித்த பிறகும் பட்டம் வென்றார்கள். தடுத்தது உண்மை. தடுத்தது மட்டுமே என்பது உண்மையில்லை. கடைசி இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஆட்டம் வறண்டுபோனதை ஏற்றுக்கொள்கிறேன்.

2025 ஜூன் 5

“அண்ணா, நீங்கள் கிரகாமின் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று தம்பி கேட்கிறான். பார்க்கவில்லை. கேட்டேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் வயரை வானொலிப் பெட்டியில் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். சுற்றும் கை தளர்ந்தால் குரலும் தளர்ந்துவிடும். பெரியவர்கள் பிபிசியின் தமிழோசைக்காகச் சுற்றினார்கள். சனிக்கிழமை இரவுகளில் நானும் என் சித்தப்பா மகனும் பிபிசி உலக சேவையின் ஆங்கில விளையாட்டுச் செய்திக்காகச் சுற்றினோம். வர்ணனை முழுவதையும் கேட்கக் கையில் பலம் இருக்காது. முடிவுகளை வாசிக்கும் நேரத்துக்கு மட்டும் பெட்டியைத் திறப்போம்.

அப்படித்தான் டோனி அடம்ஸ், லீ டிக்சன், ஸ்டீவ் போல்ட், நைஜல் விண்டர்பேர்ன் என்ற பின்கள வீரர்கள், கோல் காப்பாளர் டேவிட் சீமன் ஆகிய பெயர்களை முகம் தெரியாமலே மனப்பாடம் செய்தேன். ஒன்றுக்குப் பூச்சியம், ஒன்றுக்குப் பூச்சியம் என்று ஆர்சனலின் முடிவு வரும்போது எங்களுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. சுற்றிலும் எதுவுமே நிச்சயமில்லாத காலம். இந்த ஐந்து பேர் மட்டும் சொன்ன இடத்தில் நிற்பார்கள் என்ற நம்பிக்கை எனக்குப் பெரிய ஆதரவாக இருந்தது. கிரகாமை நான் தூக்கிப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம், மறைக்கவில்லை.

1994 மே மாதம் கொப்பன்ஹேகனில் ஐரோப்பியக் கிண்ணவென்றோர் கிண்ண இறுதியாட்டம். எதிரே இத்தாலியின் பார்மா. ஸோலா, புரோலின், அஸ்பிரில்லா என்று முன்கள வீரர்களைப் பார்த்தாலே பயம் வரும். ஆர்சனலின் இயன் ரைட் தடை காரணமாக ஆடவில்லை. அலன் ஸ்மித்தின் ஒற்றைக் கோலோடு கிண்ணம் நமக்கு. மறுநாட் காலையில் செய்தி கேட்டதும் சித்தப்பா மகன் சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு ஒழுங்கை முழுவதும் ஓட்டினான். அந்த ஒழுங்கையில் ஆர்சனல் என்றால் என்னவென்று எங்கள் இருவரைத் தவிர எவருக்கும் தெரியாது.

2025 ஜூன் 5, பின்னிரவு

மேலே ஒன்று விடுபட்டது. அடம்ஸ் கழகத்திலேயே வளர்ந்தவர். கிரகாம் வருவதற்கு முன்பே அறிமுகமாகிவிட்டார். கிரகாம் செய்தது, 21 வயதில் அவரை அணித்தலைவர் ஆக்கியது. டிக்சன், போல்ட், விண்டர்பேர்ன், சீமன் ஆகிய நால்வரும் கிரகாம் தேடிய தேட்டம். வெளியே போயிருந்த மார்ட்டின் கியோனை 1993இல் திரும்ப அழைத்து வந்தவரும் அவர்தான்.

2025 ஜூன் 8

டொரன்டோவிலிருந்து மச்சான் எழுதுகிறான்: “பணம் வாங்கி வெளியே அனுப்பப்பட்ட ஒருவருக்கா இவ்வளவு கொடி பிடிக்கிறாய்?”

1995 பெப்ரவரியில் கிரகாம் நீக்கப்பட்டது வீரர் முகவர் ஒருவரிடம் பணம் பெற்ற விவகாரத்தால்தான். ஓராண்டுத் தடையும் வந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது அவருடைய பெயருக்கு நேரே எழுதப்பட வேண்டிய கறை, எழுதியே வைக்க வேண்டும். ஆனால் 1998 மே 3ஆம் திகதி எவர்ட்டனுக்கு எதிராக நடந்த ஆட்டத்தின் கடைசிக் கோலை எடுத்துப் பார், மச்சான். வெங்கரின் முதல் பட்டத்தை உறுதி செய்த ஆட்டம் அது. நடுவிலிருந்து பந்தைத் தூக்கிக் கொடுத்தவர் போல்ட். ஓடிவந்து இடது காலால் அடித்தவர் அடம்ஸ். இரண்டு பின்கள வீரர்கள்! வெங்கர் அவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தார், உணவை மாற்றினார், வாழ்நாளைக் கூட்டினார். ஆனால் அந்தச் சுவரைக் கட்டியவர் கிரகாம். 2002இல் லீக்கும் எஃப்.ஏ. கிண்ணமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் வென்றபோதும் அடம்ஸ், டிக்சன், கியோன், சீமன், ரே பாலர் ஆகிய ஐவரும் இருந்தார்கள். ஐவரையும் வெங்கர் முதுசொமாகப் பெற்றார்.

2025 ஜூன் 9

முகாமையாளர்களைப் பற்றிய இந்தப் பேச்சில், கிரகாமுக்கும் வெங்கருக்கும் இடையில் வந்த புரூஸ் ரியோக்கை ஒருவரும் சேர்க்கவில்லை. ஒரே ஒரு பருவகாலம், 1995-96. ஐந்தாம் இடம். அடுத்த பருவகாலம் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டார்கள். ஆனால் டெனிஸ் பேர்காம்ப் இன்டர் மிலானிலிருந்து வந்தது அவருடைய காலத்தில். வெங்கரின் எல்லா அழகுக்கும் அச்சாணியாக நின்றவர் பேர்காம்ப். அப்படியானால் ரியோக்குக்கும் அந்த வீட்டில் ஓர் அறை உண்டு.

ரியோக்கின் ஆட்சிக்காலம் எனக்கு முழு இருட்டு. 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து நடந்தது. நாங்கள் தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் இருந்தோம். வானொலியும் இல்லை, சைக்கிளும் இல்லை. மறு ஆண்டு ஊருக்குத் திரும்பி மறுபடி ஆர்சனலைத் தேடியபோது ரியோக் போய்விட்டார். ஜப்பானின் நகோயாவிலிருந்து வெங்கர் என்ற ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார் என்றார்கள். பேர்காம்ப் ஆர்சனல் வீரர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்படி ஒருவர் எங்களிடம் எப்படி வந்தார் என்று வியந்தது நினைவிருக்கிறது.

2025 ஜூன் 11

கொக்குவில் அண்ணர் கோபப்பட்டிருக்கிறார். வெங்கரை நான் சிறுமைப்படுத்துகிறேன் என்கிறார். இல்லை அண்ணா. என் கணக்கில் வெங்கருக்கு வரும் வரவு உங்கள் கணக்கை விடப் பெரியது.

1998 முதுசொத்தின் மேல் எழுந்த பட்டம். 2004 அப்படியில்லை. அந்தப் பின்வரிசையைப் பாருங்கள்: கோல் காப்பாளர் லேமன், லோரன், கோலோ டூரே, சோல் கம்பெல், அஷ்லி கோல். டூரே ஐவரி கோஸ்டிலிருந்து வந்த இளைஞர், முன்னர் மத்திய களத்திலும் ஆடியவர். கம்பெல் பரம எதிரியான டொட்டன்ஹாமிலிருந்து ஒரு சதமும் கொடுக்காமல் எடுத்து வந்தவர். கோல் கழகத்தில் வளர்ந்த பையன். முன்னே ஹென்றி. அரை மில்லியன் பவுணுக்கு வாங்கிய அனெல்காவை 20 மில்லியனுக்கு மேல் றியல் மட்ரிட்டுக்கு விற்று, அந்தப் பணத்தில் ஹென்றியையும் எடுத்தார்கள், லண்டன் கொல்னியில் புதிய பயிற்சிக் களத்துக்கும் வழி கண்டார்கள். 2003-04 லீக்கில் 26 வெற்றி, 12 சமநிலை, தோல்வி பூச்சியம். இது பெரும்பாலும் தேடிய தேட்டம்.

அந்தப் பருவகாலத்தைக் கண்ணால் பார்த்தேன். 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கூரையில் டிஷ் ஏறியது. வர்ணனையில் மட்டும் அறிந்த கழகம் திடீரென்று நிறத்தோடு வந்து நின்றது. ஹென்றி இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வலது காலால் தூரக் கம்பத்துக்குள் வளைக்கும்போது அந்த வீட்டுப் பாட்டி கூடக் கைதட்டுவார்.

பிறகு ஸ்டேடியம். 38 ஆயிரம் பேர் கொள்ளும் ஹைபரியை விட்டு 60 ஆயிரம் பேர் கொள்ளும் எமிரேட்ஸுக்கு 2006இல் போனோம். கடன் ஏறியது. ஹென்றி போனார், ஃபாப்ரெகாஸ் போனார், வான் பேர்சி மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கே போனார். 2005க்கும் 2014க்கும் இடையில் ஒரு கிண்ணமும் இல்லை. அத்தனை ஆண்டுகளிலும் முதல் நான்கு இடங்களை விட்டு அணி இறங்கவில்லை. எரிச்சலோடு திட்டித் தீர்த்த ஆண்டுகள் அவை. இன்று திரும்பிப் பார்த்தால், வெங்கரின் மிகப் பெரிய வேலை அதுதான் என்று தோன்றுகிறது. தொடர்ந்து 49 லீக் ஆட்டங்களில் தோற்காததை விட அதைத்தான் மேலே வைப்பேன். ஆர்டெட்டாவால் 2023இல் 100 மில்லியன் பவுணுக்கு டெக்லன் ரைஸை வாங்க முடிந்ததென்றால் அந்த 60 ஆயிரம் இருக்கைகளும் ஒரு காரணம்.

2025 ஜூன் 12

ஹேர்பேர்ட் சப்மனைச் சேர்க்கவில்லையே என்று ஒருவர். சேர்ப்பேன், அவர்தான் இந்த வழக்கின் முதல் சாட்சி. 1925இல் முகாமையாளராக வந்தார். அதே ஆண்டு ஓஃப்சைட் விதி மாறியது. மத்திய கள வீரரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாளராக நிறுத்தும் முறையை வளர்த்தெடுத்தார். 1930இல் எஃப்.ஏ. கிண்ணம், 1931இலும் 1933இலும் லீக். 1934 ஜனவரியில், பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவர் இல்லாமலே அணி 1934, 1935 இரண்டு பட்டங்களையும் வென்றது. கையளித்தது என்றால் இதுதான்.

அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் அலிசன் பத்திரிகையாளர், பிபிசியின் ஆரம்பகால உதைபந்தாட்ட வர்ணனையாளர்களில் ஒருவர். இங்கிலாந்தில் லீக் ஆட்டமொன்று முதன்முதலாக வானொலியில் நேரடியாக ஒலித்ததும் ஹைபரியிலிருந்துதான், 1927 ஜனவரியில். டைனமோ சுற்றிய கைகளுக்கு இது மிக இனிப்பான செய்தி.

இன்னொன்று. 1948இலும் 1953இலும் லீக் வென்ற டொம் விட்டேக்கரும், 1971இல் லீக்கையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் சேர்த்து வென்ற பேர்ட்டி மீயும் முகாமையாளர் ஆகும் முன் அதே கழகத்தில் வீரர்களின் உடல் உபாதைகளைக் கவனித்தவர்கள். “அப்படியானால் அடுத்த முகாமையாளரை எங்கள் ஊர் முறிவு வைத்தியரிடமிருந்து எடுக்கலாம்” என்று மச்சான் எழுதியிருக்கிறான். எழுதட்டும், சிரித்தேன்.

2025 ஜூன் 15

பேர்ட்டி மீயின் 1971 அணித்தலைவர் ஃபிராங்க் மக்லின்டொக். அவரை வாங்கியவர் மீ இல்லை. அதற்கு முன் இருந்த பில்லி ரைட். இங்கிலாந்தின் புகழ்பெற்ற தலைவர், ஆர்சனலில் நான்கு ஆண்டுகள், கிண்ணம் எதுவும் இல்லாமல் போனார். தோற்றுப்போனவர்கள் நட்டதை வென்றவர்கள் பறிப்பது ஆர்சனலில் வழக்கமாகவே நடந்திருக்கிறது.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், எங்கள் ஊர்க் கழகத்திலும் இதைப் பார்த்தேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். எல்லோருக்கும் மாஸ்டர். மாலையில் சனசமூக நிலையத்தின் பின்சுவரில் எங்களை இடது காலால் மட்டும் அடிக்கச் சொல்வார். வலது காலால் அடித்தால் பந்தைப் பிடுங்கிவிடுவார். சுண்ணாம்பு உதிர்ந்து சுவரில் பள்ளமே விழுந்தது. நிருவாகத்துக்குப் பொறுமை இல்லை. ஒரு சுற்றுப்போட்டியில் காலிறுதியோடு வெளியேறியதும் அவரை மாற்றினார்கள். வந்தவர் நல்ல மனிதர், எங்களைத் தட்டிக் கொடுத்து ஆடவிட்டார். அடுத்த ஆண்டு கிண்ணம் எங்களுக்கு. இறுதியாட்டத்தில் விழுந்த இரண்டு கோல்களும் இடது காலால் அடித்தவை. மேடையில் புதியவருக்கு மாலை. மாஸ்டர் எல்லைக்கோட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவரை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். ஒருவரும் காது கொடுக்கவில்லை. அந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

2025 ஜூன் 18

புதிய பருவகாலத்தின் ஆட்ட அட்டவணை வெளியாகியிருக்கிறது. ஓகஸ்ட் 17, ஓல்ட் ட்ரஃபோர்டில் முதல் ஆட்டம். உடனே ஆர்டெட்டாவுக்கு எதிரான கோஷமும் தொடங்கிவிட்டது. பொறுங்கள். எமரியை முடிக்காமல் ஆர்டெட்டாவுக்குப் போக முடியாது.

வெங்கருக்குப் பின் வந்த உனாய் எமரியின் பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் 2019 யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், பாக்குவில், செல்சியிடம் 4-1 என்று தோற்றதைச் சொல்வார்கள். வெங்கர் கடைசியாகக் கையளித்த அணி ஆறாம் இடத்து அணி. வயதேறிய பின்வரிசை, சம்பளச் சுமை. எமரி முதல் பருவகாலத்தில் 70 புள்ளிகள் எடுத்தார். நான்காம் இடத்துக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு. 2018 நவம்பரில் புகாயோ சாகாவை முதன்முதலாகக் களமிறக்கியவர் எமரி. மார்ட்டினெல்லியும் சலிபாவும் 2019இல் ஒப்பந்தமானது எமரியின் காலத்தில். இந்த மூவரையும் எடுத்துவிட்டு இன்றைய அணியை எழுதிப் பாருங்கள். பெப்பே என்ற முன்கள வீரருக்குக் கொட்டிய 72 மில்லியன் பவுணும் அதே கோடையில்தான் போனது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அதே எமரி அஸ்டன் வில்லாவுக்குப் போய் 2023-24இல் நம்மிடமிருந்து ஆறு புள்ளிகளையும் பறித்தார். டிசம்பரில் ஒன்றுக்குப் பூச்சியம், ஏப்ரலில் எமிரேட்ஸிலேயே இரண்டுக்குப் பூச்சியம். நாம் பட்டத்தை விட்டது இரண்டு புள்ளிகளில்.

2025 ஜூன் 21

குருநகர்த் தம்பிக்கு நேரடியான பதில்.

ஆர்டெட்டா பெற்ற முதுசொம்: சாகா, மார்ட்டினெல்லி, சலிபா. 2020 எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் செல்சிக்கு எதிராக இரண்டு கோல்களையும் அடித்த ஒபமயாங் வெங்கரின் கடைசி மாதங்களில் வந்தவர். ஆகவே அந்த ஒற்றைக் கிண்ணத்திலும் பழைய வீட்டின் பங்கு உண்டு. அவர் தேடியவை: கப்ரியேல், ஒடேகார்ட், ரைஸ். லீக்கில் இரண்டு முறை எட்டாம் இடத்தில் முடித்த அணியை 84, 89, 74 புள்ளிகளுக்குக் கொண்டுபோனது. 89 எடுத்த ஆண்டில் வாங்கிய கோல்கள் 29 மட்டும். ஏப்ரலில் சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் றியல் மட்ரிட்டை எமிரேட்ஸில் 3-0, மட்ரிட்டில் 2-1 என்று வென்ற இரு இரவுகளும் தூங்காமல் பார்த்தேன். ரைஸின் இரண்டு ஃப்ரீ கிக்குகளை நினைத்தால் இப்போதும் உடல் சிலிர்க்கிறது. அந்த அணியின் இடது பின்களத்தில் நின்ற லூயிஸ்-ஸ்கெல்லி கழகத்தில் வளர்ந்த பையன். நுவானேரியை 15 வயதில் லீக்கில் இறக்கியவரும் ஆர்டெட்டாதான்.

மூன்று முறை இரண்டாம் இடம் என்று கொதிக்கிறாய், தம்பி. நீ பிறப்பதற்கு முன்பு வெங்கரும் 1999, 2000, 2001 என்று தொடர்ந்து மூன்று முறை இரண்டாம் இடம் வந்தார். 1999இல் ஒரு புள்ளியில் பட்டம் போனது. அதே ஆண்டு எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் பேர்காம்பின் பெனால்டியை மன்செஸ்டர் யுனைட்டட்டின் ஷ்மைக்கல் தடுத்தார். 2000இல் கலட்டசராயிடம் பெனால்டியில் யூஏஃபா கிண்ணம் போனது. 2001இல் லிவர்பூலின் மைக்கல் ஓவன் கடைசி நேரத்தில் எஃப்.ஏ. கிண்ணத்தைப் பறித்தார். அப்போதும் “இவருடைய காலம் முடிந்தது” என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 2002இல் இரட்டைப் பட்டம் வந்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறுக்க மாட்டேன். வெங்கர் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் நுழையும்போதே கையில் ஒரு லீக் பட்டம் இருந்தது. ஆர்டெட்டாவிடம் இல்லை. 84இலிருந்து 89க்கு ஏறிய அணி மறு ஆண்டு 74க்கு இறங்கியதும் எனக்குக் கவலைதான். காயங்களைச் சொல்லலாம், சிவப்பு அட்டைகளைச் சொல்லலாம். மத்திய முன்கள வீரர் ஒருவரைத் தேடாமல் விட்டது அவருடைய கணக்கில்தான் விழும்.

2025 ஜூன் 22

முகாமையாளர்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்தச் சொல்லி மச்சான் கேட்கிறான். சப்மன், வெங்கர், கிரகாம், மீ, விட்டேக்கர். அலிசன் 1935, 1938 பட்டங்களோடு ஆறாவது. எமரியும் ரியோக்கும் பில்லி ரைட்டும் வரிசையில் இல்லை, ஆனால் அவர்களைப் பழித்து எழுதினால் நான் பதில் எழுதுவேன். ஆர்டெட்டாவுக்கு இப்போது இடம் போட மாட்டேன். அவருக்குப் பின் வருபவர் சாகாவையும் ரைஸையும் நுவானேரியையும் வைத்து ஆடும் முதல் இரண்டு பருவகாலங்களைப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

2025 ஜூன் 22, சற்றுப் பிந்தி

“கிரகாம் பிறகு டொட்டன்ஹாமுக்கு முகாமையாளராகப் போனாரே, அதற்குமா மூன்றாம் இடம்?” என்று கொக்குவில் அண்ணர். போனார். 1999இல் அவர்களுக்கு லீக் கிண்ணமும் வென்று கொடுத்தார். அதையும் எண்ணிப் பார்த்துத்தான் மூன்று என்று போட்டேன், அண்ணா. மாற்ற மாட்டேன்.